டாக்டர் வச்சிருந்த ஜீப்பு

எங்கள் வீட்டுக்காரரிடம் இருந்த சொல்லெல்லாம் சேர்த்தால் ஒன்றுதான் தேறும். "பாப்போம்." சீட்டுச் சேரச் சொல்லி யாராவது வந்து உட்கார்ந்தால், பாப்போம். கோயில் கமிட்டியில் நிற்கச் சொல்லி நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தால், பாப்போம். மழைக்கு முன்னால் அடுப்பங்கரை ஓடுகளை மாற்றுங்கள் என்று நான் தொண்டை வறளக் கத்தினால், அதற்கும் பாப்போம். கோபமாகவும் சொல்லமாட்டார், சிரித்தும் சொல்லமாட்டார். பேண்டேஜ் ரோலைச் சுருட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொல்வார். நான் ஒரு நாளைக்குப் பேசுவதை அவர் ஒரு வருஷத்துக்குப் பேசியிருந்தால் அதிகம்.

ராஜபாளையத்தில் எங்களுக்குச் சின்னதாக ஒரு தறிக்கொட்டகை. ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்து, வெளுக்கக் கொடுத்து, வெட்டி, சுருட்டி அனுப்புவோம். தேசத்தில் எவன் எங்கே விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டாலும் அதில் எங்களுக்கு ஒரு முழம் சோறு உண்டு. அது போக, தேவதானத்துக்கு மேற்கே மலையடியில் கொஞ்சம் மாந்தோப்பு. அவருடைய அப்பா விட்டுப்போனது. குடும்பம் என்று பார்த்தால் அவரும் நானும்தான். கல்யாணமாகி ஏழெட்டு வருஷமாகியும் பிள்ளை இல்லை. பின்னாலும் பிறக்கவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் ஏதாவது அதிசயம் நடக்கும் என்று யாரும் வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்க வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் கல்யாணமான பெண்ணைப் பார்த்தால் சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்னால் "விசேசம் ஏதும் உண்டா?" என்று கேட்பார்கள். விசேஷம் என்றால் வயிற்றில் இருக்கிறதா என்று அர்த்தம். வீட்டு வாசலில் கேட்பார்கள், கடையில் கேட்பார்கள், டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே கேட்பார்கள். ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில், முன்னே பின்னே பார்த்திராத ஒருத்தி என்னிடம் கேட்டாள். இல்லை என்றேன். அவள் விட்டாளா? எந்தெந்த இலையை எந்தெந்தப் பாலில் அரைத்துக் குடிக்க வேண்டும் என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். கண்டக்டர்கூட டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டான். அவனுக்கு எதற்கு அந்தக் கஷாயம்? வீட்டுக்கு வந்ததும் பையை எறிந்தேன். "இனிமே செத்தாலும் பஸ்ஸுல ஏறமாட்டேன். எங்கயாச்சும் போகணும்னா என்னையத் தூக்கிட்டுப் போங்க" என்று அழுதுகொண்டே கத்தினேன். அவர் சுருட்டிய ரோலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பாப்போம் என்று சொல்லப்போகிறார், சொன்னால் அந்த ரோலாலேயே அடிப்பது என்று நான் தயாராக நின்றேன். அவர் போய், நான் எறிந்த பையை எடுத்து ஆணியில் மாட்டினார்.

அடுத்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு புரோக்கர் வந்தான். ஏலத்தில் எடுத்த வண்டிகளை விற்றுக் கொடுக்கிறவன். சட்டைப் பையில் எப்போதும் சந்தன வாசனையோடு ஒரு கைக்குட்டை, பேச்சில் எப்போதும் ஒரு சத்தியம்.

"ஜீப்புங்க. டீசல். சர்க்காரு ஏலத்துல எடுத்தது. மெயினா ஒண்ணு சொல்லிருதேன், டாக்டர் வச்சிருந்த வண்டி. ஒரே கை."

"டாக்டரா?" என்று அடுப்பங்கரையிலிருந்து நானே கேட்டேன்.

"ஆமாக்கா. டாக்டரு மட்டுந்தான் முன்னால உக்காருவாக. ஊரு ஊராப் போயி சேவை செஞ்ச வண்டி. இந்தச் சின்னக் கம்பிய இழுத்தா நாலு வீலும் வேல செய்யும். காடு, மேடு, ஓட, சகதி ஒண்ணும் பாக்காது. ஒங்க தோப்புக்குள்ள என்ன, தோப்புல நிக்குற மரத்துலயே ஏறும்."

டாக்டர் வண்டி என்றால் சுத்தபத்தமாக வைத்திருப்பார்கள் என்று நானும் நினைத்தேன். எங்கள் வீட்டுக்காரர் பாப்போம் சொல்லவில்லை. "எப்ப வந்து பாக்கட்டும்?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மனுஷர் வாயிலிருந்து ஒரு கேள்வி வந்ததே அபூர்வம். மறுநாள் போனார், வாங்கிவிட்டார். எதற்கு என்று கேட்டதற்கு, "தோப்புக்குப் போகவர" என்றார். அந்தத் தோப்புக்குச் சைக்கிளில் போய் சைக்கிளில் வந்துகொண்டிருந்தவர்தான். நான் பஸ்ஸையும் ஜீப்பையும் அன்று முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. கோபம் வந்தால் எனக்கு மூளை அவ்வளவாக வேலை செய்யாது, கோபம் அடிக்கடி வரும்.

வாங்கிய வண்டி நேராக வீட்டுக்கு வரவில்லை. நம்ம ஊர் பெயிண்டர் ஒருவரின் கொட்டகையில் சில நாள் நின்றுவிட்டுக் கரும்பச்சை நிறத்தில் வந்தது. தார்ப்பாய் கூரை. கதவு கிடையாது. முன்சீட்டில் உட்கார்ந்தால் ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் முந்தானையையும் பிடித்துக்கொள்ள வேண்டும், மூக்கில் ஈ உட்கார்ந்தால் அது அதன் அதிர்ஷ்டம். பக்கத்து வீட்டு அம்மா தெருவுக்கே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு "பாகுந்தி, பாகுந்தி" என்று தெலுங்கில் புகழ்ந்தார். வீல்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். மூன்று பழம் நசுங்கியது. கொஞ்சம் உருண்டு தள்ளிப்போயிருந்த நாலாவதில் ஏறுவதற்குள் ஜீப் நின்றுவிட்டது. எல்லோருமாகத் தள்ளி நாலாவதையும் நசுக்கினோம். இதுதான் ஆரம்பம்.

அந்த ஜீப்பைக் கிளப்புவதற்குச் சரிவு வேண்டும். சரிவு இல்லாத இடத்தில் ஆள் வேண்டும். ஆகையால் நாங்கள் எந்த வீட்டுக்குப் போனாலும், வீட்டுக்காரர்கள் கைகால் வலுவோடு இருக்கிறார்களா என்று பார்த்துத்தான் போனோம். நாலு வீலையும் சேர்க்கிற அந்தச் சின்னக் கம்பி இருக்கிறதே, அது துருவேறி இறுகிப்போயிருந்தது. தேவதானத்து ஓடையில் முதல் மழைக்குத் தண்ணீர் வந்தபோது அவர் அதை ஒரு இழுப்பு இழுத்தார். கம்பி கையோடு வந்தது. ஜீப் ஓடைக்குள் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டது. மாட்டுவண்டிக்காரர் ஒருவர் வந்து கயிறு போட்டு இழுத்துக் கரையேற்றினார். காடு மேடு பார்க்காத வண்டியை அவருடைய மாடுகள் ஏற இறங்கப் பார்த்தன. எங்கள் வீட்டுக்காரர் அந்தக் கம்பியைத் துடைத்துச் சீட்டுக்கு அடியில் பத்திரமாக வைத்துக்கொண்டார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நான் பஸ் ஏறவில்லை. பார்க்கிறவர்கள் எல்லோரும் ஜீப்பைப் பற்றியே கேட்டார்கள். எம்புட்டு டீசல் குடிக்கும், எந்த வருசத்து மாடல், யாருகிட்ட வாங்குனிய. விசேஷத்தை மறந்துவிட்டார்கள். அந்தக் கொஞ்ச நாள் நான் நிம்மதியாக இருந்தேன்.

ஐப்பசி மழை வந்து அதையும் கெடுத்தது.

மழை விட்ட ஒரு காலையில் வண்டியைத் துடைக்கப் போனேன். பின்பக்கத் தகட்டில் பச்சை பெயிண்ட் அங்கங்கே கொப்புளித்து நின்றது. துணியை வைத்ததும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. உள்ளேயிருந்து சிவப்பாக ஒரு 'நா' வந்தது. பிறகு ஒரு 'ம்'. நான் தேய்க்கத் தேய்க்க, கைவேலை பார்த்து வைத்தது மாதிரி அழகான கொட்டை எழுத்தில் வந்து நின்றது: நாம் இருவர். அதற்கு மேலே மங்கலாக ஒரு தலைகீழ் முக்கோணம்.

எண்பதுகளில் அந்த முக்கோணத்தைத் தெரியாத ஆள் உண்டா? ஊர் ஊராகப் போய்ச் சேவை செய்த டாக்டர் என்ன சேவை செய்தார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. குடும்பக் கட்டுப்பாட்டு ஜீப். கிராமங்களில் ஆப்பரேசன் ஜீப்பு என்பார்கள். அது வருகிற சத்தம் கேட்டால் வேலிக்குள் ஓடி ஒளிந்த ஆம்பிளைகளின் கதை எங்கள் பக்கம் நிறைய உண்டு. பிள்ளைக்காக ஏங்குகிறவள் ஏறிப் போக, உலகத்தில் இருக்கிற அத்தனை வண்டியையும் விட்டுவிட்டு இதையா பிடித்து வருவது?

"ஏங்க, இங்க வாங்க. நீங்க வாங்குன லட்சணத்தப் பாருங்க" என்று கூப்பிட்டேன். வந்தார், பார்த்தார்.

"வாங்குறப்பவே தெரியுமா?"

"ம்."

"தெரிஞ்சேவா வாங்குனிய? அந்தப் பெயிண்டர் எழவெடுப்பான் ஒழுங்காச் சுரண்டாம மேலாக்க அடிச்சு ஏமாத்திப்புட்டான் பாருங்க. இன்னைக்கே கொண்டுபோயி மறுபடியும் அடிக்கச் சொல்லுங்க."

"பாப்போம்" என்றார்.

நமக்கு இருவர் என்கிற கீழ் வரி வரவில்லை. ஒவ்வொரு மழைக்கும் வரும் வரும் என்று பயந்துகொண்டே இருந்தேன். வரவே இல்லை. மேல் வரி மட்டும் மழைக்கு மழை பளிச்சென்று ஏறியது. அதுவும் ஒரு கேலியாகத்தான் எனக்குப் பட்டது. உனக்கெல்லாம் முதல் வரியோடு சரி, போ என்று எவனோ சொன்னது மாதிரி.

அதற்குப் பிறகு எங்கள் பயணங்களின் அழகே தனி. வன்னியம்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். முகூர்த்தம் முடிந்து அப்போதுதான் பந்தி போட்டிருந்தார்கள். ஜீப் போய்ப் பந்தலுக்கு முன்னால் நின்றதும் நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்தினார். திண்டில் சாய்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து, கையைக் கூப்பிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஏந்தாயி, இன்னைக்குத்தான தாலி ஏறியிருக்கு. அதுக்குள்ளயா வந்துட்டிய?"

பந்தல் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்ய? மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை, நாங்கள் கிளம்புகிற வரைக்கும் எங்களை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தான்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு லேடி டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம், பாவம், அவர்கள் மேல் தப்பில்லை. முதலில் போய்ப் பார்த்தபோது அவர் சீட்டு எழுதிக் கொடுத்து, ரத்தம் எடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் வா என்று சொல்லியிருந்தார். அன்றைக்கென்று அங்கே குடும்பக் கட்டுப்பாட்டு முகாம் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? ஜீப்பைக் கண்டதும் ஒரு ஆயா சிரித்த முகமாக ஓடிவந்து என் கையைப் பிடித்து இறக்கினாள்.

"எறங்கு தாயி, சீக்கிரம். வெறும் வயித்துலதான வந்திருக்க?"

"ஆமாக்கா, வெறும் வயிறுதான்."

"புத்திசாலி. ஜீப்புல இன்னும் ஆளு வருதா?"

"இல்லக்கா, நாங்க ரெண்டு பேருதான்."

கூட்டிக்கொண்டு போய் ஒரு நீள பெஞ்சில், வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களோடு உட்கார வைத்தாள். எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பச்சைச் சட்டை. எனக்கும் ஒன்றைக் கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொன்னாள். ஆஸ்பத்திரி இவ்வளவு மரியாதையாக நடத்துகிறதே என்று நான் நெகிழ்ந்து போய்விட்டேன். பிறகு கேட்டாள்.

"கடைசிப் பிள்ளைக்கு என்ன வயசு?"

"பிள்ள இல்லக்கா."

"செத்துட்டா?"

"பெறக்கவே இல்லக்கா. அதுக்குத்தான வந்திருக்கேன்."

ஆயா எல்லாம் புரிந்துவிட்டது மாதிரி வாசலைப் பார்த்துப் பாய்ந்தாள். எங்கள் வீட்டுக்காரர் அங்கே ஜீப்பில் சாய்ந்துகொண்டு நின்றார். "ஏலே, நீ மனுசந்தானா? ஒரு பிள்ளகூடப் பெறாத பச்ச மண்ண ஆப்பரேசனுக்கு இழுத்துட்டு வந்திருக்கியே, வேற எவளயும் வச்சிருக்கியா? அதுக்குத்தான் இவளுக்கு இந்தப் பாடா?" என்று நாலு பேர் பார்க்க நாறடித்துவிட்டாள். அந்த மனுஷர் டாக்டர் கொடுத்த சீட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார், அவ்வளவுதான். ஆயா அதை வாங்கி நர்ஸிடம் காட்டி விஷயத்தைத் தெரிந்துகொண்டாள். திரும்பி வந்து என் கன்னத்தை வழித்து, "மன்னிச்சிரு தாயி, ஜீப்பப் பாத்து ஏமாந்துட்டேன்" என்று அழுதாள். எனக்கு அவள் மேல் கோபம் இல்லை. பெஞ்சில் பக்கத்தில் இருந்தவள், நாலு பெற்றவள், நான் எழுந்து போகும்போது "குடுத்து வச்ச மகராசி" என்று மெதுவாகச் சொன்னாள். கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பச்சைச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் குளியலறையில் நின்று அழுதேன்.

சோதனையெல்லாம் செய்து பார்த்துவிட்டு, இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை, காத்திருங்கள் என்றார் டாக்டர்.

காத்திருக்க எனக்குச் சம்மதம்தான். எங்கள் மதினிக்குச் சம்மதமில்லை. எங்கள் வீட்டுக்காரருடைய கூடப் பிறந்த அக்காள், தேவதானத்தில் வாக்கப்பட்டவர். நல்ல மனுஷிதான். நாக்கு மட்டும் அரிவாள்மணை. ஜீப் வாங்குவதற்கு முன்னாலேயே ஜாடையாகப் பேசிக்கொண்டிருந்தவர், டாக்டர் சொன்னதைக் கேட்டபின் நேரடியாகவே வந்துவிட்டார். எங்கள் வீட்டில், நான் போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னார்.

"தம்பி, அப்பா பேரு சொல்ல ஒரு பிள்ள வேண்டாமா? சேத்தூருப் பக்கம் ஒரு புள்ள இருக்கு. ஏழப்பட்டவுக, ரெண்டாந்தாரம்னாலும் குடுப்பாக. இவள யாரு போகச் சொன்னா? இவளும் இருக்கட்டும். ஏட்டி, ஒனக்கும் வீட்டுல ஒரு தொணைதான?"

எங்கள் வீட்டுக்காரர் கையில் ரோல். நான் அவர் வாயையே பார்த்தேன். ச்சீ என்று ஒரு சொல், வேண்டாம் என்று ஒரு சொல், என்னக்கா பேசுதிய என்று ஒரு சொல். எது வந்தாலும் நான் அவர் காலில் விழுந்திருப்பேன்.

"பாப்போம்" என்றார்.

மதினி போன பிறகு கேட்டேன். "அவிய சொல்லுறதுக்கு நீங்க என்ன சொல்லுதிய?" "அதான் சொன்னேன்லா." "பாப்போம்னா என்ன அர்த்தம்? பொண்ணப் பாப்போம்னா? ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வந்து பொறவு முடிவு பண்ணுவோம்னா?" தறி நூல் அறுந்துவிட்டது என்று எழுந்து போய்விட்டார். அவர் என்னை வைத்து வாழ்வாரா, ஒரு மூலைக்கு ஒதுக்குவாரா என்று தெரியாமல் நான் இருந்தேனே, அந்த இருப்பை என் விரோதிக்கும் சொல்லமாட்டேன். சோறு இறங்கவில்லை. அவர் என்னைப் பார்த்துச் சாதாரணமாக இருந்ததே எனக்குப் பயமாக இருந்தது.

மதினி சும்மா இருக்கவில்லை. நாள் குறித்துவிட்டார். "சும்மா போயி பாத்துட்டு வருவோம், பாக்குறதுல என்ன குறஞ்சுபோச்சு? ஒரு பிளசர் கார் பிடிச்சுட்டு வாடா, பாக்க லட்சணமா இருக்கும்" என்று சொல்லியனுப்பினார். அன்றைக்குக் காலையில் என் புருஷன் பெண் பார்க்கப் போட்டுக்கொண்டு போக வேண்டிய சட்டையை நான்தான் தேய்த்தேன். காலரில் இஸ்திரிப் பெட்டி கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றுவிட்டது. தற்செயல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் அந்தக் கருகின காலரைப் பார்த்தார், அதையே போட்டுக்கொண்டார். பிளசர் கார் பிடிக்கவில்லை. "வீட்டுல வண்டி சும்மாதான நிக்கி" என்று ஜீப்பைச் சரிவில் உருட்டிக் கிளப்பிக்கொண்டு போனார்.

சாயங்காலம் முதலில் மதினியின் குரல்தான் வந்தது. ஜீப் தெருமுனையில் திரும்பும்போதே கேட்டது.

"நாசமாப் போற வண்டி! இதுல ஏறுன என்னைய செருப்பால அடிக்கணும்."

இறங்கி வந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மதினியே சொன்னார். ஊருக்குள் ஜீப் நுழைந்ததும் பிள்ளைகள் "ஆப்பரேசன் ஜீப்பு வருதுடோய்" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடி வந்தார்களாம். குழாயடியில் நின்ற பொம்பளைகள் குடத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்களாம். பெண்வீட்டிலும் கதவு சாத்திக் கிடந்ததாம். தட்டினால், பெண்ணின் அப்பா ஜன்னல் வழியாக, "எங்க வீட்டுல யாரும் பாக்கி இல்லங்க, நானே போன வருசம் பண்ணிக்கிட்டேன்" என்றாராம். இல்லைங்க, நாங்கள் பெண் பார்க்க வந்திருக்கிறோம் என்று மதினி புரிய வைத்து வெளியே வரவழைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டதாம். வெளியே வந்தவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பின்பக்கம் போய் எழுத்தைக் கூட்டிப் படித்தார். படித்துவிட்டு மதினியிடம் வந்தார்.

"என்னா சொன்னாருங்க?" என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

மதினி செம்பை ணங்கென்று வைத்தார். "'நாம் இருவர்னு கொட்ட எழுத்துல எழுதிப் போட்டுக்கிட்டு, மூணாவதா எம் பொண்ணக் கேட்டு வந்தியளோ?'ன்னு கேக்கான். ஊரே சிரிக்கி. அதுக்குமேல அங்கன நிக்க முடியுமா? இவன் என்னான்னா, கல்லுப்பிள்ளையாரு கணக்கா ஸ்டீரிங்க பிடிச்சுட்டு உக்காந்திருக்கான்."

எனக்குச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து வந்தது. மதினி முன்னால் சிரிக்க முடியுமா? அடுப்பங்கரைக்கு ஓடி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தேன், அப்படியே அழுதேன். பேச்சு ஊரெல்லாம் பரவிவிட்டது. அந்த ஜீப்பில் வருகிறவனுக்கு எந்த ஊரிலும் பெண் கிடைக்காது என்று ஆனதும் மதினியும் ஓய்ந்துபோனார். மறு வெள்ளிக்கிழமை நான் ஜீப்பைக் கழுவி, அதற்குக் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினேன். அந்தப் பெயிண்டரை நான் எத்தனை தடவை வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன். அவன் செய்த அரைகுறை வேலை என் வாழ்க்கையைக் காப்பாற்றிவிட்டது என்று அன்றைக்கு மனசுக்குள் அவனுக்குத் தங்கக் காப்புப் போட்டேன். அதற்குப் பிறகு மறுபடியும் பெயிண்ட் அடிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

வருஷங்கள் போய்விட்டன. தொண்ணூறுகளில் தறி கொஞ்சம் கூடியது. லோடு அனுப்ப ஒரு சின்ன வேன் வாங்கினோம். கதவெல்லாம் இருந்தது, சாவியைப் போட்டால் கிளம்பியது. எனக்கு அதில் ஏறினால் வண்டியில் போகிற மாதிரியே இல்லை. ஜீப் வெயிலில் கிடந்து காய்ந்தது. சேத்தூரிலிருந்து ஒரு தேங்காய் வியாபாரி வந்து கேட்டார். அவருக்கு ஐந்து பிள்ளைகள், ஆறாவது வழியில். "வண்டி பிடிச்சிருக்கு. அந்த எழுத்த மட்டும் எடுத்துத் தந்துருங்க. எனக்குச் சரிப்பட்டு வராது" என்றார். நியாயம்தானே. எங்கள் வீட்டுக்காரர் ஊரில் இல்லாத ஒரு நாள், நானே ஜீப்பைத் தள்ளச் சொல்லிப் பெயிண்டர் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். அதே பெயிண்டர்தான். தலை நரைத்திருந்தது.

"அண்ணே, இந்தத் தடவ நல்லாச் சுரண்டிருங்க" என்றேன். எனக்கு அன்றைக்கு மனசு நிறைந்திருந்தது. அதனால் சொல்லிவிட்டேன். "ஒங்களுக்கு ஒண்ணு சொல்லணும்ணே. நீங்க அன்னைக்கு அரைகுறையா அடிச்ச பெயிண்டுனாலதான் எங் குடும்பமே பொழச்சது."

அவருக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது.

"அரைகுறையா? யாரப் பாத்து என்ன சொல்லுதிய? கீழ் வரிய இரும்பு தெரியச் சுரண்டுனது யாரு? இன்னைக்கு வரைக்கும் ஒரு புள்ளி மேல வந்துருக்கா, பாருங்க. மேல் வரிய நானா விட்டேன்? ஒங்க வீட்டுச் சாரு இந்தா, இந்த இடத்துல நின்னுல்லா சொன்னாக. 'கீழ் வரிய வேரோட எடுத்துரு, மேல் வரிய சுரண்ட வேண்டாம், லேசா ஒரு கோட்டு அடிச்சாப் போதும்'னாக. சார், அடியில சேப்பு, ஒரு மழைக்குக் கசிஞ்சு வந்துரும்னேன். 'வந்தா வரட்டும்'னாக. செத்த நேரம் அந்த எழுத்தப் பாத்துக்கிட்டே நின்னாக. பொறவு போயிட்டாக."

நான் பேசாமல் நின்றது அவருக்கே பயமாகிவிட்டது போல. "தண்ணி வேணுமாம்மா?" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஜீப் வாங்கிய நாளிலேயே முடிவு செய்துவிட்ட ஒன்றை, அத்தனை வருஷம் என்னைச் சோறு தண்ணி இறங்காமல் அலையவிட்டு, ஒரு தகரத்தில் எழுதிவைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறாரே, இவர் என்ன மனுஷர்? பஸ்ஸில் ஏறமாட்டேன் என்று நான் அழுததும், அடுத்த வாரமே புரோக்கர் வந்ததும் அப்போதுதான் சேர்ந்து ஞாபகம் வந்தன. தெருவென்றும் பாராமல் அழுதுகொண்டே நடந்தேன். எதிரே வந்தவள் ஒருத்தி "என்னக்கா, எதுவும் விசேசமா?" என்று கேட்டாள். "ஆமாட்டி, விசேசந்தான்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

சாயங்காலம் அவர் வந்து ரோல் சுருட்ட உட்கார்ந்தார். எதிரே போய் நின்றேன்.

"ஏங்க, அந்த மேல் வரிய எதுக்குச் சுரண்ட வேண்டாம்னிய?"

கை நின்றது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அது சரியாத்தான இருந்துச்சு" என்றார்.

"வாயத் தொறந்து என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"எழுதித்தான இருந்துச்சு."

அன்றைக்கு நான் அவரைத் திட்டிய திட்டு ராஜபாளையம் ரயிலடி வரைக்கும் கேட்டிருக்கும். பாவி, கல்நெஞ்சு, ஊமைக்கோட்டான் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னேன். சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைக்க, சுருட்டி வைத்திருந்த புது பேண்டேஜை எடுத்து அவிழ்த்து நாசமாக்கினேன். அவர் அதையும் தடுக்கவில்லை. கடைசியில் களைத்துப்போய்க் கேட்டேன்.

"ஜீப்புக்கு என்ன செய்ய? சேத்தூர்க்காரர் நாளைக்கு வாராகளாம். வித்துருவமா?"

"பாப்போம்" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாப்போம் என்று சொன்ன எந்தச் சீட்டிலும் அவர் ஒருநாளும் சேர்ந்ததில்லை. கமிட்டியில் நின்றதில்லை. அடுப்பங்கரை ஓடு அன்று வரைக்கும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. மதினிக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறார். ஊரில் அத்தனை பேருக்கும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியும், கட்டிக்கொண்டு குடும்பம் நடத்திய எனக்குத்தான் தெரியவில்லை.

மறுநாள் காலையிலேயே பெயிண்டர் கொட்டகைக்கு ஓடினேன். நல்லவேளை, அவர் அப்போதுதான் உப்புத்தாளை எடுத்துத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தார். எழுத்தில் கை வைக்கவில்லை. "வேண்டாம்ணே, வண்டிய விக்கல" என்றேன். அவரும் இன்னும் இரண்டு பேருமாகத் தள்ளிக் கிளப்பிக் கொடுத்தார்கள்.